கை காட்டும் தவளை

ஈரத் தரையில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் அளவே இருந்த ஒரு பச்சைத் தவளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டரின் முன்பக்கம் முழுக்கச் சேறு. முழங்கைக்கு அடியில் ஏதோ கொழகொழவென்று நசுங்கியது, என்னவென்று பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவேன், எழுந்தால் வெளிச்சம் போய்விடும். பனிக்காலத்துச் சூரியன் மேலே ஏறச் சோம்பல்படும், அந்தச் சோம்பல்தான் நமக்கு லாபம் என்று போட்டோ வகுப்பு மாஸ்டர் சொல்லியிருந்தார். கோடையில் கண்ணை மூடித் திறப்பதற்குள் வெயில் உச்சிக்குப் போய் எல்லாவற்றையும் வெளுத்துவிடும். இந்தக் காலத்தில் அது தரையோடு தரையாகச் சாய்ந்து வரும், மூடுபனி அதை வடிகட்டிக் கொடுக்கும், ஒவ்வொரு புல்லுக்கும் ஓர் ஒளி விளிம்பு கிடைக்கும். "கண்ணு மட்டும் ஷார்ப்பா இருக்கட்டும் மேடம். மத்தது கலங்கினா மன்னிச்சுடுவாங்க," என்று அவர் எனக்குப் பின்னால் குனிந்து கிசுகிசுத்தார். தவளை ஒரு செடித்தண்டில் உட்கார்ந்து ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் செய்வார்களே, அப்படி.

எனக்குப் பக்கத்தில் பல் டாக்டரம்மா படுத்திருந்தார். வகுப்பில் எனக்குப் பிறகு சேர்ந்தவர், ஆனால் கேமரா என்னுடையதைவிடப் பலமடங்கு பெரியது. "என்னங்க இது, என் பேஷன்ட் கூட இவ்ளோ ஆடாம இருந்ததில்ல," என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். அழுத்தியதுமே தெரிந்துவிட்டது. சில படங்கள் அப்படித்தான், பெட்டிக்குள் விழும்போதே சத்தம் வேறாக இருக்கும். தவளையின் கண்ணுக்குள் சூரியன் ஒரு மிளகு அளவுக்கு இருந்தது. பின்னால் குட்டை முழுக்க வெள்ளைப் புகை. நான் எடுத்தது, நானே எடுத்தது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், நான் படம் எடுக்கிறவள் இல்லை. படத்தைத் துடைக்கிறவள். கல்யாண ஆல்பம் போடும் ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகம் கழுவுவதுதான் தொழில். யாரோ எடுத்த முகங்கள். ஒரு முகத்தைத் தலையணை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள். மூக்கோரத்தில் அடைத்துக்கொண்ட கறுப்பு, பவுடருக்கு அடியில் இருந்து எழும்பும் பரு, உதட்டுக்கு மேலே வேர்வையில் படுத்துக்கிடக்கும் பூனைமுடி, கண்முனையில் காய்ந்த பீளை, பல்லிடுக்கில் அன்றைய விருந்து. என் வேலை இதையெல்லாம் கழுவி, எல்லோரையும் ஒரே மாவில் பிசைந்த மாதிரி ஆக்குவது. மணப்பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. ரவிக்கைக் கை இறுக்கிய இடத்தில், மேற்கையில் ஒரு சிவப்புக் கோடு. தப்பாமல் எல்லாப் பெண்ணுக்கும் இருக்கும். சந்தோஷமான நாளில் எல்லோரையும் எதுவோ இறுக்கித்தான் பிடித்திருக்கிறது. அந்தக் கோட்டைக் கண்டால் என் கை தானாகப் போகும். பக்கத்துத் தோலை எடுத்து மேலே பூசி நகர்ந்துவிடும். மனசு அதற்குள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை பஸ்ஸில் எனக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கோ பார்த்த முகம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். தாடையோரத்தில் இருந்த மச்சத்தைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. அது நான் அழித்த மச்சம். ஆல்பத்தில் அது இல்லை. எனக்கு மட்டும்தான் அவளை அதைவைத்துத் தெரியும். மனிதர்களை அவர்களுடைய கறையை வைத்து அடையாளம் காண்கிறவளாகிவிட்டேனே என்று எனக்கே ச்சீ என்றிருந்தது. அதற்குப் பிறகு சாப்பிடும்போது எதிரில் யார் உட்கார்ந்தாலும், வீட்டுக்காரர் உட்பட, என் கண் அவர்கள் மூக்கைத் துடைக்கத் தொடங்கிவிடும். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் எடுத்தவர் பேர் வரும், ஸ்டுடியோ பேர் வரும், அட்டை போட்டவர் பேர்கூட வரும். என் பேர் எந்த மூலையிலும் வந்ததில்லை. அதில் வருத்தப்படக்கூட எனக்கு உரிமை இருப்பதாக யாரும் நினைத்ததில்லை.

அதனால்தான் காட்டுயிர் வகுப்பில் சேர்ந்தேன். ஸ்டுடியோவில் ஓரங்கட்டிய கேமரா ஒன்றை முதலாளி "எடுத்துட்டுப் போம்மா, தூசிதான் புடிக்குது" என்று கொடுத்தார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஜீவன்களைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வெட்டுக்கிளிக்கு மேக்கப் கிடையாது. சிலந்திக்குக் கல்யாணம் கிடையாது. எதையும் கழுவ வேண்டாம்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்கு எல்லா இடத்திலும் பாக்கெட் வைத்த ஒரு மேல்கோட்டு. இடது நெஞ்சுப் பாக்கெட்டில் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் லென்ஸ், நம் லென்ஸ், டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடி, டீ கொடுக்கும்போது கப்பின் விளிம்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைப்பார். சுத்தத்தில் எனக்கே அண்ணன். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாங்கள் கொட்டாவி விட்டபடி குட்டைக்கரைக்கு வரும்போது அவர் கார் முன்பே நின்றிருக்கும். "சீக்கிரமே வந்து உங்களுக்காக ஒண்ணு தேடி வெச்சிருக்கேன்," என்பார். தேடிவைத்த இடத்தில் தும்பி இருக்கும், மேலெல்லாம் பனித்துளி கோத்துக்கொண்டு. அல்லது ஓணான். அல்லது தவளை. ஒருமுறைகூட அது ஓடிப்போனதாகச் சரித்திரம் இல்லை. "மாஸ்டருக்கு அதுங்க பாஷை தெரியும்," என்று டாக்டரம்மா சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம். எல்லாம் முடிந்ததும் கார் டிக்கியில் இருக்கும் ஐஸ்பெட்டியில் இருந்து பால் பாக்கெட்டை எடுத்து, சின்ன அடுப்பில் டீ போட்டுத் தருவார். குளிருக்கு அந்த டீ அமிர்தம். நான் இரண்டாவது கப்பும் வாங்கிக் குடிப்பேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறக்கமுடியாமல் தவிக்கிறேன்.

தவளைப் படத்தைப் பார்த்த அன்றே மாஸ்டர் சொல்லிவிட்டார். வருஷக் கடைசியில் வகுப்புக்காரர்களின் கண்காட்சி. டவுன் ஹாலில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் என் படம். கதவு அளவுக்குப் பெரிதாக. கீழே என் பேர். "சும்மா லேசா க்ளீன் பண்ணிட்டு அனுப்புங்க மேடம், உங்களுக்குச் சொல்லணுமா," என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், எதற்கும் லேசில் அசரமாட்டார். அவரே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"அடியே, இது கை காட்டுதுடி!"

"ஆமாங்க. தானா காட்டுச்சு."

"உன்ன பாத்தா தவளைக்குக்கூட டாட்டா சொல்லணும்னு தோணுது பாரு," என்று சிரித்து, அதைத் தன் போன் முகப்பில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஒருநாள் மதியம். ஸ்டுடியோவில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கொண்டுபோன டப்பாவை மடியில் வைத்து இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டே, வலது கையால் தவளையைத் துடைக்க உட்கார்ந்தேன். மூக்கின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி, போனது. முதுகில் ஒட்டிய மண், போனது. மேலே தூக்கிய கையின் மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு, போனது. கோட்டில் இருந்து கிளம்பி மேலே போன மெல்லிய இழை, ஏதோ சிலந்திநூலோ முடியோ, அதுவும் போனது. இவ்வளவுக்கும் நான் யோசித்தது மறுநாள் காய்க்கு என்ன செய்வது என்பதைத்தான். சேமித்தேன். மாஸ்டருக்கு அனுப்பினேன். வீட்டுக்காரருக்கும் அனுப்பினேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு படத்தை முடித்ததும், கழுவுவதற்கு முன், கழுவிய பின் என்று இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றித் தட்டிப் பார்ப்போம். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதில் துள்ளிக்கொண்டு தெரியும். சோற்றை மென்றபடி தட்டினேன். நூல் வந்தது, போனது. சிவப்பு வந்தது, போனது. மறுபடி தட்டினேன். கட்டிய கை, கட்டாத கை. கட்டிய கை, கட்டாத கை. விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது, மென்றது வாயில் நின்றுவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். அது சிலந்திநூல் இல்லை, மீன் பிடிக்கிற நரம்பு. மணிக்கட்டில் முடிச்சு போட்டு இறுக்கியிருந்தது. முடிச்சுக்கு இரண்டு பக்கமும் தோல் பிதுங்கி, உள்சதை சிவந்து, விரல்கள் லேசாக ஊதியிருந்தன. தவளை யாருக்கும் கை காட்டவில்லை. அதன் கையை மேலே இழுத்துத் தண்டோடு கட்டியிருந்தார்கள். நான் அதற்கு எதிரே படுத்து, மூச்சைப் பிடித்து, கண் ஷார்ப்பாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன்.

பாத்ரூமுக்கு ஓடிப்போய்த் துப்பினேன்.

சாயந்திரம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். வேனில் முன்சீட்டுக்கு அடிதடியாம். போனை வண்டி முகப்பில் செருகிவைத்திருக்கிறார், அதில் தவளை. ஏறுகிற ஒவ்வொரு குழந்தையும் அதற்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் உட்காருகிறதாம். "ஒரு பொடுசு எறங்கறப்ப அதுக்கு முத்தம் குடுத்துட்டுப் போவுதுடி. ஸ்க்ரீன் பூரா எச்சி." நான் நூலைப் பற்றிச் சொன்னேன். முன், பின் இரண்டையும் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சரி. நீ கட்டலையே?"

"நான் கட்டலைங்க. அழிச்சேன்."

"அழிக்கறதுதானே உன் வேலை. இத்தன வருஷமா அடுத்தவன் படத்தத் தொடச்சே, இப்பதான் உன் பேரு வரப்போவுது. கிடக்கட்டும் விடு."

அவர் சொன்னது என் நல்லதுக்குத்தான். எனக்குள்ளும் அதே குரல், அதே வார்த்தை, மதியத்தில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது.

கண்காட்சிப் படங்களை அச்சடிக்கும் வேலையை மாஸ்டர் எங்கள் ஸ்டுடியோவுக்கே கொடுத்திருந்தார். இரண்டு நாள் கழித்து அவரே எல்லோருடைய படங்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். முதலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்று நாற்காலியைத் தட்டிப்போட்டார். மாஸ்டர் உட்காரும் முன் நாற்காலியை மஞ்சள் துணியால் ஒருமுறை துடைத்தார். அவர் கிளம்பும்போது நானும் கூடவே இறங்கினேன். கார் ஸ்டுடியோவின் பின்பக்கம் குப்பைத்தொட்டிக்கு அருகே நின்றது. நூலைப் பற்றிக் கேட்டேன். கோபப்படுவார், மறுப்பார், குறைந்தது முகமாவது மாறும் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்துட்டீங்களா! நானே சொல்லணும்னு இருந்தேன். அந்த நரம்ப எடுக்க எனக்கு ஒரு நாள் பூரா ஆகும் மேடம், அப்பவும் திட்டுத்திட்டா தெரியும். நீங்க எடுத்த எடம் எதுன்னு எனக்கே கண்டுபிடிக்க முடியல. என்ன கை மேடம் உங்களுக்கு!"

டிக்கியைத் திறந்தார். ஐஸ்பெட்டியின் மூடியைத் தூக்கினார். ஒளித்துவைக்கிற மனிதர் இல்லை அவர், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சமையல்காரர் மசாலாடப்பாவைத் திறந்து காட்டுவது போலக் காட்டினார். ஒரு பக்கம் பால் பாக்கெட்டுகள். அதன்மேல் சாய்ந்து, மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒன்றில் தும்பிகள், சிறகு ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றில் ஓணான், கண் பாதி மூடி. ஒன்றில் தவளைகள், ஈரத்துணிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக. டப்பாவின் அடியில் பழுப்பாகத் தண்ணீர் கசிந்து பால் பாக்கெட்டின் முனையை நனைத்திருந்தது. சேறும் பாலும் கலந்த ஒரு புளித்த வாடை. எனக்கு அந்த வாடை தெரியும். டீயில் லேசாக வரும். குட்டைக்கரைக் காற்று என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது கப் வாங்கியிருக்கிறேன்.

"கொல்றதில்லையே. குளிர்ல தூங்க வெக்கறேன், அவ்ளோதான். எப்படியும் பனிக்காலத்துல அதுங்க மந்தமாத்தான் இருக்கும். நான் இயற்கைக்குக் கொஞ்சம் கை குடுக்கறேன்," என்றார். தும்பிமேல் இருந்த பனித்துளி? அது கிளிசரின், ஊசியால் வைத்தது. நிஜத் துளி வெயில் பட்டதும் காய்ந்துவிடுமாம். பேசிக்கொண்டே தவளை டப்பாவைத் திறந்து, ஒன்றைக் கட்டைவிரலால் புரட்டினார். அது மல்லாந்தது. வெளுத்த வயிறு. புரட்டினவாக்கில் அப்படியே கிடந்தது. "ப்ச், குளிர் ஜாஸ்தியாயிடுச்சு," என்று அதை இரண்டு விரலால் தூக்கி, அழுகின தக்காளியைத் தள்ளிவைப்பது போலக் குப்பைத்தொட்டியின் விளிம்பில் வைத்தார். பிறகு துணியை எடுத்து விரல்களைத் துடைத்தார்.

நான் குனிந்து பார்த்தேன். மூக்கின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. நான் அழித்த புள்ளி.

"இது அந்தத் தவளை மாஸ்டர்."

"எது? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்."

என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இன்னும் மெதுவானது. தகப்பன் மாதிரி பேசினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்கக்கூடாது. அந்தக் கல்யாணப் பொண்ணுங்க மூஞ்சிய நீங்க தேச்சு எடுக்கறீங்களே, அது நிஜமா? அதப் பாத்து சந்தோஷப்படறாங்கல்ல? நானும் அதத்தான் பண்றேன். நீங்க முடிஞ்சப்புறம் தொடைக்கறீங்க, நான் எடுக்கறதுக்கு முன்னாடி தொடைக்கறேன். நாம ரெண்டு பேரும் ஒரே தொழில் மேடம்." அடுத்த வருஷத்தில் இருந்து வகுப்பில் தனக்கு அடுத்தபடியாக நான்தான் இருக்கவேண்டும் என்றார்; எல்லோருடைய படத்தையும் நான் ஒருமுறை பார்த்துக்கொடுத்தால் போதும், என் பேரையும் போட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் மணப்பெண் வீட்டுக்குப் போய் ரவிக்கையைக் கழற்றிப்போட்டுவிடுவாள். கோடு மறுநாள் போய்விடும்.

கார் போனதும் அந்தத் தவளையை ஒரு காகிதத்தில் எடுத்துக் கீழே, சுவரோரத்து மண்ணில் புதைத்தேன். புதைத்ததால் பெரிய புண்ணியம் ஒன்றும் இல்லை. குப்பைத்தொட்டி விளிம்பில் விட்டுவிட்டு மேலே ஏற முடியவில்லை, அவ்வளவுதான். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவக் கழுவ, எதைக் கழுவுகிறேன் என்று எரிச்சல் வந்தது.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அவருக்குத் தெரிந்தால் குதிப்பார், இரண்டு பேராக இருந்தால் எனக்குத் தைரியம் வரும் என்று கணக்கு. அவர், "எனக்கு முன்னாடியே ஒரு சந்தேகம்தான்ங்க. எல்லா எடத்துலயும் இப்படித்தான் பண்றாங்களாம். இல்லன்னா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எந்தக் காலத்துல படம் கெடைக்கும், சொல்லுங்க?" என்றார். பிறகு, "அந்த டீ விஷயம் மட்டும் நீங்க எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார். பல் டாக்டர் வாய் கொப்பளிக்கும் சத்தம் போனில் கேட்டது.

படத்தைக் கண்காட்சியில் இருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம். ஒரு வார்த்தைதான். மாஸ்டர் மறுபேச்சு பேசமாட்டார், அந்த இடத்தில் வேறொரு தவளையை மாட்டுவார், இன்னும் அழகாகக் கை காட்டும். முதலாளி ஏன் என்று கேட்பார். என் பேர் அச்சடித்த அட்டையைக் குப்பையில் போடுவார்கள். எனக்கு அந்தப் பேர் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேண்டும். பேர் அட்டையை நான்தான் அச்சடித்தேன், எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்கி. அதன் கீழே மாஸ்டர் எல்லாப் படத்துக்கும் போடச்சொன்ன வரி: "இயற்கை வெளிச்சம். எதுவும் சேர்க்கப்படவில்லை, நீக்கப்படவில்லை."

அந்த வரியை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்வெட்டரோடு சேற்றில் விழுந்ததில் இருந்து அன்றுதான் சிரித்தேன். கழுவிய படத்தை மூடினேன். கேமராவில் இருந்து இறக்கிய முதல் படத்தைத் திறந்தேன். அச்சு இயந்திரத்துக்கு அனுப்பும் முன், பழக்கதோஷம், ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கோரத்துப் புள்ளி இருந்தது. முதுகில் மண் இருந்தது. மணிக்கட்டில் கோடு இருந்தது. என் வலது கை தானாக மவுஸை நகர்த்திக்கொண்டு அந்தக் கோட்டின்மேல் போய் நின்றது. இடது கையால் அதைப் பிடித்து மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். இயந்திரம் காகிதத்தை மெல்ல மெல்லத் துப்பியது. முதலில் வெள்ளைப் புகை வந்தது, பிறகு கை, பிறகு நூல். கதவு அளவுக்கு வரும்போது அந்த நூல் துணி காயப்போடும் கயிறு மாதிரி பளிச்சென்று இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. தலைமுடி அளவுதான். அதன்மேல் சாய்ந்த வெயில் பட்டு லேசாக மினுங்கியது. பனிக்காலத்து வெளிச்சம் அதற்கும் ஒரு விளிம்பு கொடுத்திருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "தூசி எதாச்சும் விழுந்துடுச்சாம்மா?"

"இல்ல முதலாளி, படத்துலயே உள்ளது."

"நீ சொன்னா சரி," என்று போய்விட்டார். என் கை சுத்தத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கண்ணாடிச் சட்டம் போட்டு, பழுப்புக் காகிதம் சுற்றி, திறப்புவிழா அன்று காலை நானே ஹாலுக்குக் கொண்டுபோய் நானே மாட்டினேன். உயர ஜன்னல்கள்; மூடுபனி கலைந்து வெயில் சுவரில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. கீழே என் பேர். பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அதோடு வாயில் அந்தப் புளித்த வாடையும் இருந்தது. கூட்டம் வந்தது. வீட்டுக்காரர் வேனில் வரும் குழந்தைகள் சிலரையும் பெற்றோரோடு கூப்பிட்டிருந்தார். தவளையை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் அவை கத்திக்கொண்டு ஓடிவந்து டாட்டா காட்டின. பெரியவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்க ஆரம்பித்து, கிட்டே வந்து, என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சின்னப்பெண்ணின் ஆட்டிய கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார்.

மாஸ்டர் விருந்தாளிகளை ஒவ்வொரு படமாகக் கூட்டிவந்தார். அதே கோட்டு, புதிதாகத் தோய்த்திருந்தது. "இவங்க என்னோட ஸ்டூடண்ட். பனிக்கால வெளிச்சத்த எப்படிப் பிடிச்சிருக்காங்க பாருங்க," என்று ஆரம்பித்து, தூக்கிய கையைச் சுட்டிக்காட்டப் போனவர் நிறுத்தினார். கண்ணாடியில் ஏதோ முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் போல. ச்ச என்று உச்சுக்கொட்டி, நெஞ்சுப் பாக்கெட்டில் இருந்து மஞ்சள் துணியை உருவி, பூப்போல ஒரு தடவை துடைத்தார். விருந்தாளிகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். முடி போகவில்லை. துணியைப் புரட்டி இன்னொரு தடவை துடைத்தார். பிறகு கண்ணாடிக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய், வாயைத் திறந்து ஹா என்று ஊதினார். தவளையின் கையும் நூலும் அவர் மூச்சில் வெள்ளையாக மூடிக்கொண்டன. துணி அந்த வெள்ளையின்மேல் போய் நின்றது. மூச்சு, ஓரத்தில் இருந்து உள்நோக்கி, மெதுவாகக் காய்ந்துகொண்டு வந்தது.